ஆறு வாசல் சீனி

அக்கா போய் ஒரு வருஷம் ஆகிறது. "திவசத்தில கொடுக்கிற நினைவுத்தாளுக்கு நல்லதா நாலு வார்த்தை எழுதித் தாங்க சித்தி" என்று அக்காவின் மகன் தாளும் பேனையும் கொண்டுவந்து வைத்தான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. அதுவும் அக்கா தந்தது. நல்லதை எழுதுகிறேன். கோபத்தையும் எழுதுவேன். இதைக் கையில் வாங்குகிற சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் சரி.

வரக்காப்பொலைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில், நான் இன்றும் இருக்கிற இதே லயத்து வரிசை வீட்டில்தான் அக்கா பிறந்தார். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நாலு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வயதைக் கூட்டிச் சொல்லிப் பால் வெட்டப் போனார். நான் படித்த வருஷங்களில், விடியுமுன் என் தலையைப் பின்னிவிட்டுத்தான் மரத்துக்குப் போவார். பள்ளி நேரம் வரும்வரை பின்னல் கலையாமல் நான் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். அக்கா வெட்டும் மரத்தில் பட்டை காயப்படாது என்று கங்காணியே சொல்வார்.

வயது போனபின் சீனி வியாதி வந்தது. வீட்டில் சீனியை நிறுத்தினோம். ஒரு மழைக்காலத்தில் விறகுக்குப் போன இடத்தில் கணுக்காலில் அட்டை கடித்தது. சொறிந்து சொறிந்து புண்ணானது. அக்காவுக்கு வலி தெரியவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். "அட்டைக்கடிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்றார்கள் லயத்து ஆட்கள். நானும் சேர்ந்துதான் சொன்னேன்.

அந்த மாதங்களில்தான் மறதி கூடியது. எங்கள் வீட்டை விட்டால் லயத்தில் ஆறு வாசல். ஒவ்வொன்றிலும் போய் நின்று தேத்தண்ணி கேட்பார். பாலும் சீனியும் போடாத வெறுந்தேத்தண்ணி கொடுத்தால், நக்கிக்கொண்டு குடிக்க உள்ளங்கையில் சீனி வைக்காமல் நம் ஆட்கள் கொடுப்பார்களா? ஆறு வாசலிலும் வைத்தார்கள். சீனி ஏறியதால் புண் ஆறவில்லை. புண் சீழ் கட்டியதும் மறதி இன்னும் மோசமானது. குடித்ததை மறந்து மறுபடி வாசலில் போய் நின்றார்.

ஒருநாள் கடைசி வீட்டு மதினி சத்தமாகவே கேட்டார்.

"வாங்க மதினி, இது எத்தனாவது வாசல்? வயித்துக்குள்ள பீலித் தண்ணி ஏதும் ஓடுதா?"

"நான் எங்க மதினி குடிச்சேன்? காலையிலேருந்து ஒரு சொட்டு இல்ல."

"ஆத்தாடி, நடிப்பப் பாரு! சீனிப் போத்தல ஒளிச்சு வைங்கடி, வர்றாங்க!"

லயமே சிரித்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவைச் சாத்திக்கொண்டேன். சீனி என்றால் அக்காவுக்கு நாக்கு நீளம் என்று நானும் நினைத்தேன், பாவி.

காய்ச்சல் வந்து பேச்சுக் குழறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் நோனா, அந்தப் பெண் டொக்டர், சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். சீனி கூடி, புண்ணும் ஆறாமல் கிடந்தால் உடம்புக்குள் ஓயாமல் ஒரு அழற்சி, வெளியே தெரியாத வீக்கம் மாதிரி, இருந்துகொண்டே இருக்குமாம். வயதானவர்களுக்கு அது மூளையையும் தொடலாமாம். "வயசுக்கு வர்ற மறதின்னு விட்டுட்டீங்களா? எப்ப இருந்து? ஏன் முந்தியே சொல்லல?" என்று கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பத்தாம் நாள் அக்கா போய்விட்டார். கடைசியில் என் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. நரைத்த என் தலையைத் தடவி, "கலைக்காம உக்காரு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகல" என்றார்.

முகம் சுளிக்காமல் புண் கழுவிய தாதிக்கும், கொட்டும் மழையில் திரீவீல் ஆட்டோவில் ஏற்றிப்போன பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கும், பெட்டி தூக்கியவர்களுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆறு வாசலுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். யாரும் தேத்தண்ணி இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எத்தனாவது வாசல் என்று எண்ணத் தெரிந்த உங்களில் ஒருவருக்காவது, என் கதவைத் தட்டி, "அக்காவுக்கு என்னமோ ஆகுது, பாரு" என்று சொல்லத் தோன்றவில்லையே! அதே வீட்டில் இருந்த எனக்கே தோன்றவில்லை. உங்களை விட என்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

திவசப் படையலில் அக்காவுக்கு வெறுந்தேத்தண்ணி மட்டும் வைப்பேன். பக்கத்தில் சீனி வைக்க யாரும் வரவேண்டாம். நாளை உங்கள் வாசலில் ஒரு வயதானவர் வந்து, இன்னும் குடிக்கவில்லை என்று இரண்டாந்தரம் கை நீட்டினால் சிரிக்காதீர்கள். உட்காரவைத்து, முதலில் அவர் காலைப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கை