கறுப்பு நாயகனுக்கு என் கை நிறம்

பழைய வெளிநாட்டுச் சோக நாடகம் ஒன்றை ஹிந்தியில் போடப்போகிறார்கள் என்று கேட்டதும் நவி மும்பை ஐரோலி ஆபீசில் எனக்கு வேலையே ஓடவில்லை. நாயகன் கறுப்பன். பிழைக்க வந்த ஊருக்காகச் சண்டை போடும் தளபதி. போருக்கு அவன் வேண்டும். தங்கள் பெண்ணைக் கட்டினால் மட்டும் மந்திரம் போட்டு மயக்கிவிட்டான் என்பார்கள். தாராவியில் பிறந்தும் இன்றுவரை 'மதராஸி' என்றே கூப்பிடப்படுகிற எனக்கு அவனைப் புரிந்துகொள்ளத் தனிப் பயிற்சியா வேண்டும்? வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்தேன். அந்த வேஷம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

நடிகர் தேர்வு செம்பூரில் ஒரு ஹாலில். கிளம்பும்போது அம்மா பவுடர் டப்பாவை நீட்டினாள்.

"லேய், மொகத்துல கொஞ்சம் போட்டுட்டுப் போல. நாலு பேரு முன்னால நிக்கப் போற."

போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் பவுடர் இல்லாமல் யாரும் வாசல் தாண்டியதில்லை.

இயக்குநர் மாட்டுங்காவில் தலைமுறையாக இருக்கும் தமிழர். நான் பேசிய வசனத்தைக் கடைசிவரை கேட்டார்.

"நன்னாத்தான் பண்றே. ஆனா உன் ஹிந்தில தாராவி அடிக்கறதே. ஹீரோவோட பாஷை சுத்தமா இருக்க வேண்டாமா?"

"சார், அவன் வெளியூர்க்காரன்லா? அவன் பேச்சு எப்படி சுத்தமா இருக்கும்?"

"அதெல்லாம் கதைல. தப்பா எடுத்துக்காதே."

எலுமிச்சை நிறத்துப் பையன் ஒருவனுக்கு வேஷம் போனது. எனக்கு ஒரு வேல் கொடுத்துக் காவலாளாக ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

நாடகத்தன்று அவனுக்குக் கறுப்புப் பூச வேண்டும். மேக்கப்காரர் என் கையை இழுத்து விளக்கடியில் வைத்து, இந்தக் கலர்தான் என்றார். பிறகு முகத்தையும் ஒத்துப் பார்க்க ஈரத்துணியால் என் கன்னத்தைத் துடைத்தார். துணியில் வெள்ளை வந்தது. "அரே, பவுடர்!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்த வேஷம் கேட்டுப் போன அன்றும் வெள்ளை அடித்துக்கொண்டுதானே போனேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மனைவிமேல் பட்ட சந்தேகத்தால் கெட்டான் என்று அந்தத் தளபதியைப் பற்றிச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன்னைப்போல ஒருவனை அவள் எத்தனை நாள் சகிப்பாள் என்று கூட இருந்தவன் காதில் ஓதினான், சரி. அவன் புதிதாக என்ன சொல்லிவிட்டான்? ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததுதானே? தளபதி ஏற்கெனவே அதை நம்பியிருந்தான். அதனால்தான் கட்டியவளையே கழுத்தை நெரித்துக் கொன்றான்.

மேடையில் அந்தப் பையன் தன் நிறத்தை நொந்து அழுதான். கைதட்டல் ஓயவில்லை. நான் வேலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

வீட்டில் அம்மா செல்போனில் நாடகப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"நீ எங்கல? இருட்டுல ஒண்ணுமே தெரியலியே. பவுடர் போட்டியா இல்லியா?"

கத்திவிட்டேன். பாவம், எழுந்து போய்ச் சோறு போட்டாள்.

மறுநாள் ஐரோலிக்குக் கிளம்பும்போது கை தானாக டப்பாவை எடுத்தது. கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். பிறகு போட்டுக்கொண்டுதான் போனேன்.