ராயப்பனின் கிணறும் ராஜாங்கத்தின் ஃபியட்டும்

ராயப்பனுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டான், ஸ்பேனரைத் துடைப்பான். வடலூர் ரோட்டில் அவன் மெக்கானிக்காக இருந்த நாசர் பாய் பட்டறையில் ஸ்பேனர்கள் எல்லாம் எப்போதும் பளபளவென்று இருந்தன என்றால், அதற்குக் காரணம் சுத்தம் அல்ல.

காரணம் ஒரு கிணறு. நிலக்கரிச் சுரங்கம் வருவதற்கு முன்னால் அவனுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. அதில் அவனும் மனைவி அம்சவல்லியும் இரண்டு கோடை முழுக்கக் கிணறு வெட்டினார்கள். உள்ளே அவன் கடப்பாரை போட, மேலே நின்று அவள் மண்கூடையை இழுத்தாள். முப்பத்தெட்டாவது அடியில் தண்ணீர் வந்தது. அடுத்த வருஷமே சுரங்கத்துக்குப் போகும் ரோட்டுக்காக நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். சரி, ஊரோடு போனது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். ஆனால் நஷ்டஈட்டுப் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே ‘புஞ்செய், கிணறு இல்லை’ என்று எழுதியிருந்தது.

மனுப் போட்டான். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பொறியாளர் நேரில் போய்ப் பார்த்தாராம், கிணறு எதுவும் தென்படவில்லையாம். எப்படித் தென்படும்? அதற்குள் கிணற்றைத் தூர்த்து, ரோலர் ஓட்டி, மேலே தாரும் போட்டுவிட்டார்கள். தார் ரோட்டின்மேல் நின்றுகொண்டு கிணற்றைத் தேடிய அந்த மகானுபாவரின் கையெழுத்து கீழே இருந்தது. ராஜாங்கம். கடைசி எழுத்தின் வால் தாளின் விளிம்புவரை ஓடியிருந்தது. ‘நீ பொய் சொல்கிறாய்’ என்றுதான் ராயப்பன் அந்தக் கடிதத்தைப் படித்தான். வேறு எப்படிப் படிப்பதாம்?

அதே ராஜாங்கம்தான் இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை பட்டறை வாசலில் தன் ஃபியட்டை நிறுத்தினார். அவருக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் என்றால் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அதற்கென்றே மச்சினர் மூலமாக வெளிநாட்டு ஷாக் அப்சர்பர்கள் வரவழைத்திருந்தார். பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டி ஸ்பிரிங்கின் மேல் ஆடிக்கொண்டே இருக்காதபடி பிடித்து நிறுத்துகிற எண்ணெய்க் குழாய்கள் அவை. கழற்றி, முழுக்க அமுக்கி, உள்ளே ஒரு முறுக்கு முறுக்கினால் பிடி இறுகும். பந்தயத்துக்கு இறுக்கம் வேண்டும், வளைவில் வண்டி சாயாது. ஊர் ரோட்டுக்குத் தளர்வு வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு ஒடியும். எத்தனை முறுக்கு என்பது சுற்றுவட்டாரத்தில் ராயப்பன் கைக்கு மட்டும்தான் தெரிந்தது.

தான் யார் என்று அவரிடம் அவன் சொன்னதே இல்லை. சொன்னால் அது இன்னொரு மனுவாகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ.

அந்த வருஷம் பந்தயம் முடிந்து வந்ததும் வழக்கம்போல் தளர்த்திக் கொடுத்தான். மறுநாளே ராஜாங்கம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றார்.

“என்னப்பா வேலை பார்த்திருக்க? மூணாவது மைல்ல, புளியமரத்தைத் தாண்டினதும் வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. அந்த ஒரு இடத்துலதான். வேலையில கவனம் போயிடுச்சா?”

ராயப்பனின் கை துணியைத் தேடியது. மூணாவது மைல், புளியமரம். எடுத்த துணியைக் கீழே போட்டான்.

“ஏறுங்க சார். ஓட்டிப் பாத்துடலாம்.”

ஜாக்கியையும் ஸ்பேனர்களையும் சாக்கில் கட்டிப் பின்னால் வைத்துக்கொண்டான். தளர்ந்த நிலையில் முதல் ஓட்டம். வண்டி இறங்கி ஏறி மூன்று தடவை ஆடியது. புளியமரத்தடியில் நிறுத்தி, பின்பக்கத்து இரண்டையும் கழற்றி, அரை முறுக்கு ஏற்றிப் பூட்டினான். இப்போது ஆடவில்லை, ‘தொம்’ என்று ஒரு அடி. மறுபடி கழற்றிப் பந்தயத்துக்கு வைக்கிற இறுக்கத்துக்கே கொண்டுபோனான். இந்தத் தடவை சக்கரம் தரையைவிட்டு எழும்பி விழுந்தது. ராஜாங்கத்தின் தலை கூரையில் மோதி, மூக்குக்கண்ணாடி மடியில் வந்து விழுந்தது. ராயப்பனுக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

ராஜாங்கம் இறங்கி நடந்து பார்த்தார். என்ன இருந்தாலும் ரோடு போடுகிறவர், கண் ஏமாறாது. தார் வட்டமாக உள்வாங்கியிருந்தது. காலால் அழுத்திப் பார்த்தார்.

“வண்டியில குறையில்லப்பா. ரோட்டுலதான். அடியில ஏதோ தூர்த்த கிணறு இருக்கு. மண் இறங்குது.”

அந்த வாய் அதைச் சொல்லிவிட்டது. ஒரு மனிதன் மனுப் போட்டுக் கேட்டும் வராத வார்த்தை, ஒரு ஃபியட் குலுங்கியதும் வந்துவிட்டது.

“அது என் கெணறுங்க. நானும் என் வூட்டுக்காரியும் வெட்டுனது. நீங்கதான் வந்து பாத்து, இல்லன்னு எழுதுனீங்க. இப்ப சொன்னத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வாணாம்.”

ராஜாங்கம் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“அது முடிஞ்சுபோன ஃபைல். அதை ஏன் கிளறிக்கிட்டு? இந்த இடத்துல தூக்கிப் போடாத மாதிரி ஷாக்கை வச்சுக் குடு, போதும்.”

“அப்படி வைக்க முடியாதுங்க. முடிஞ்சாலும் நான் வைக்கமாட்டேன்.”

ஸ்பேனர்களைச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தே பட்டறைக்கு வந்தான். பந்தய இறுக்கத்தோடேயே ராஜாங்கம் வீடு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அதிகாரிகளின் கார் ஒன்றுகூடப் பட்டறைப் பக்கம் வரவில்லை. நாசர் பாய் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு லாரி வேலைகளைப் பிடித்தார்.

நடந்தே திரும்பிய அன்று சாயங்காலம் அம்சவல்லி கேட்டாள். “அந்த ஆளு வாயாலயே சொன்னானா?”

“சொன்னான்.”

“எழுதுனானா?”

“எழுதல.”

“அப்ப சொல்லல” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவள் கோபம் அவன் கோபத்தைவிடப் பெரியது. துடைக்க அவளிடம் ஸ்பேனர் இல்லை.

ஐப்பசி மழையில் புளியமரத்தைத் தாண்டி அந்த இடத்தில் ரோடு உள்ளே போனது. செங்கல் லாரி ஒன்று அந்தக் குழியில் சக்கரத்தை விட்டு ஸ்பிரிங் பட்டையை முறித்துக்கொண்டது. பட்டறையிலிருந்து ராயப்பன் போனான். அங்கே ரோட்டு வேலை மேஸ்திரி பழனிவேல், ஆட்களோடும் கையில் ஒரு தாளோடும் நின்றான்.

“இன்னா எழுதிருக்கு?” என்றான் ராயப்பன்.

பழனிவேல் எழுத்துக் கூட்டிப் படித்தான். “பழைய கிணறு இருந்த இடம். பத்தடி தோண்டி, ஜல்லி போட்டு மூடவும்.”

ராயப்பன் தாளை வாங்கிப் பார்த்தான். கீழே அதே கையெழுத்து, விளிம்புவரை ஓடிய அதே வால். இல்லை என்று எழுதிய கை, இருந்தது என்று எழுதியிருக்கிறது. எழுதியதோடு நிற்காமல், தானே இறங்கி அளந்ததுபோல் ஆழம் வேறு போட்டிருக்கிறது. அவன் கேட்டபோது எழுதாததை, ரோட்டுக்காக எழுதியிருக்கிறது. தாளைக் கசக்காமல் திருப்பிக் கொடுத்தான்.

“பத்தடி இல்ல மேஸ்திரி, முப்பத்தெட்டடி. அய்யாகிட்ட போயி சொல்லு.”

“யாரு சொன்னான்னு கேட்டா?”

“வெட்டுனவன் சொன்னான்னு சொல்லு.”