பாதிக்குக் கீழே

கேரவன் வண்டிகள் வரிசையாக நிற்கும் அந்த மைதானத்தில் எல்லோருக்கும் அவர் வோல்ட்டு அண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. காலமெல்லாம் பொருட்காட்சிகளுக்கு விளக்குப் போட்டு ஊர் ஊராகத் திரிந்த மனிதர். ஜெனரேட்டர் அவர் பொறுப்பு. பக்கத்திலேயே இருந்த டிக்கெட் கூண்டு அவர் மனைவியின் பொறுப்பு. கண்ணெதிரே இருக்கட்டும் என்று கூண்டை அங்கே போடச் சொன்னவரும் அவரேதான். வருஷக்கணக்கில் ஜெனரேட்டர் புகையைக் குடித்து அந்த அம்மாளின் நுரையீரல் நைந்துபோனது. இப்போது ஊர் சுற்றல் எல்லாம் ஓய்ந்து, ஓரிடத்தில் நின்றுவிட்ட வண்டிக்குள் இருவரும் குடியிருந்தார்கள். கூடவே அவளுக்கு ஆக்ஸிஜன் கொடுக்க ஒரு சின்ன மெஷின், அந்த மெஷினுக்கு உயிர் கொடுக்க ஒரு பேட்டரி.

அந்த பேட்டரியை லேசாக நினைத்துவிடாதீர்கள். காரில் இருப்பது ஒரே உதையில் எஞ்சினைக் கிளப்பிவிட்டுத் தூங்கப் போய்விடும். கேரவனின் வீட்டு பேட்டரிக்கு அந்தச் சொகுசு கிடையாது. மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்கிறதே என்று அடிமட்டம் வரை உறிஞ்சினால் படுத்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. முன்பு வைத்திருந்த பேட்டரியை ஒரு மழைக்காலத்தில் அவர் அப்படித்தான் சாகடித்தார். வேறொன்று கிடைக்கும்வரை மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில், வெறும் பாயில், முன்பின் தெரியாதவர்களின் கால்மாட்டில் கிடந்தாள். அதிலிருந்து அவருக்கு ஒரே சட்டம்: பாதிக்குக் கீழே போகக் கூடாது.

வாரம் தவறாமல் மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீரால் கழுவி, துடைத்து, வாசலின் தடவுவார். கூரையில் இருக்கும் சோலார் தகட்டைத் தினமும் ஏறித் துடைப்பார்.

"என்னைவிட அதுக்குத்தான் வெந்நீர் உபசாரம் ஜாஸ்தி" என்பாள் மனைவி, மூக்கில் குழாயோடு.

"அது நல்லாருந்தாத்தானடி நீ நல்லாருப்பே."

பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் தன் பேட்டரியிலிருந்து சார்ஜரைக் கழற்றிய கையோடு மீட்டரை வைத்துவிட்டு, "ஃபுல்லாயிடுச்சு!" என்று துள்ளுவார். பார்த்தாலே வோல்ட்டு அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இப்ப காட்டுறது மேல்பூச்சுய்யா. ஒண்ணும் ஓட்டாம ஆற விடு. சாயந்திரமாப் பாரு, அப்பத்தான் அதோட உண்மையான முகம் தெரியும்."

ஊருக்கெல்லாம் இப்படிப் பாடம் எடுத்தவர், வீட்டுக்குள் என்ன செய்தார்? ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி ஒன்றைக் கொடுத்த நர்ஸ், மெஷினை நிறுத்தி, சற்றுநேரம் பொறுத்து, நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கும்படி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இவர் குழாயைக் கழற்றிய மறுநொடியே விரலில் மாட்டுவார். தொண்ணூற்று நான்கு காட்டும். முகம் மலர்ந்துவிடும். அவளும் ஒத்துழைத்தாள். ஆஸ்பத்திரி என்ற சொல்லே இருவருக்கும் ஆகாது. பயம்தான், வேறென்ன? பயந்தவர்கள் கண்ணுக்கு நல்ல எண் மட்டும்தான் தெரியும்.

மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்துடலாம்ப்பா. குரலே சரியில்ல."

"தொண்ணூத்தி நாலு இருக்கும்மா! இப்பத்தான் பார்த்தேன்."

"எப்பப்பா பார்த்தீங்க? மெஷினை எடுத்து எவ்ளோ நேரம் கழிச்சு?"

"எல்லாம் கரெக்டாத்தான் பார்த்தேன்" என்று எரிந்து விழுந்தார். "எனக்கு மீட்டர் பார்க்கக் கத்துக் கொடுக்குறியா நீ?"

மகள் போனை வைத்தாள். மறுநாளே கிளம்பி வருவதாக அம்மாவுக்கு மட்டும் தகவல் அனுப்பினாள்.

அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. வானம் கறுத்து, கூரையில் இருந்த தகடு சும்மா நனைந்துகொண்டிருந்தது. அவர் மெஷினைக் கொஞ்சம் ஓட்டுவார், விரலில் எண் ஏறியதும் நிறுத்துவார், மறுபடி ஓட்டுவார். விளக்கு, விசிறி, ரேடியோ எல்லாம் நிறுத்தியாயிற்று. அப்படியும் மறுநாள் மதியம் பேட்டரி பாதியைத் தொட்டுவிட்டது.

மைதானத்துக்குப் பின்னால் ஒரு லாரி ஷெட். முதலாளி இல்லாத நேரத்தில் அங்கிருக்கும் வாட்ச்மேன் ஒயர் இழுத்துக் கரண்ட் எடுத்துக்கொள்ள விடுவார். வோல்ட்டு அண்ணன் மெஷினை நிறுத்தினார். விரலில் கருவியை மாட்டினார். தொண்ணூற்று மூன்று.

"பாதிக்கு வந்துடுச்சு. லைன் கேட்டுட்டு வந்துடுறேன். வந்ததும் போட்டுவிடுறேன், என்ன?"

"தெரியும். தொடமாட்டேன்" என்றாள். "குடையை எடுத்துட்டுப் போங்க."

ஷெட்டில் முதலாளி இருந்தார். "கொஞ்சம் பொறுங்கண்ணே, இப்பக் கிளம்பிடுவாரு" என்றார் வாட்ச்மேன். நேரே போய் முதலாளியிடமே கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் முடியாது என்றுவிட்டால் இருக்கிற ஒரு வழியும் அடைபட்டுப் போகுமே என்று தயங்கினார். ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு தகரக் கூரையின் ஓரத்தில் நின்றார். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று மூன்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். முதலாளி டீ குடித்தார், டிரைவர் ஒருவரைத் திட்டினார், மழை விடட்டும் என்று மறுபடி உட்கார்ந்தார். ஒருவழியாக அவர் கார் வெளியே போனதும் பிளக்கைச் சொருகி, ஒயரைச் சேற்றில் படாமல் வேலிமேல் போட்டு இழுத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"லைன் வந்துடுச்சுடி!" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

அவள் தலையணையில் சாய்ந்தபடியே இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. குழாயை மூக்கில் வைத்தார், சுவிட்சைப் போட்டார், மெஷின் சமர்த்தாக ஓடியது. கன்னத்தைத் தட்டினார். கையைப் பிடித்து விரலில் கருவியை மாட்டினார். எண் வரவில்லை, வெறும் இரண்டு கோடுகளைக் காட்டியது. வேறு விரலில் மாட்டினார். எல்லா விரலிலும் மாட்டிப் பார்த்தார். சுவிட்ச் அவள் தலைமாட்டில், கை நீட்டினால் எட்டும் இடத்தில்தான் இருந்தது. அவள் சொன்னபடி அதைத் தொடவில்லை.

மகள் வந்து சேர்ந்தபோது வண்டியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மெஷினை யாரோ நிறுத்தியிருந்தார்கள். லாரி ஷெட்டிலிருந்து வந்த ஒயரின் இந்த முனை வண்டியில் சொருகப்படாமலே படியில் கிடந்தது. அழுது ஓய்ந்த பிறகு அவள் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் பேட்டரிப் பெட்டியைத் திறந்து வைத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மணிக்கணக்காக ஒன்றும் ஓடாமல் நன்றாக ஆறியிருந்தது. இப்போது அது காட்டுவதில் பொய் இருக்காது.

"சார்ஜ் தீர்ந்துபோச்சாப்பா?"

அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றார். "பாதி இருக்கு."