பிரம்பு பிடிக்கிற கை

எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. தேசம் சுதந்திரமடைந்து மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ. சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊரில் நான் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான்.

மகள் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். சோறு கொடுத்தால் கொடுக்கிற கையைப் பார்ப்பாள். பேசினால் என் சட்டைப் பித்தானைப் பார்ப்பாள். வெகுநாள் வரை அதை அடக்கம் என்றே நினைத்தோம். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கிணற்றடியில் சிரித்துக்கொண்டே சொல்வாள். "வாத்தியாரு வீட்டுப் பிள்ளைல்லா. பொண்ணு பாக்க வாறப்ப தலைகுனிஞ்சு நிக்கதுக்கு இப்பமே படிச்சிட்டா."

பள்ளியில் சேர்த்த அன்றுதான் விஷயம் புரிந்தது. பெயர் கேட்ட ஆசிரியை இவள் தாடையைத் தொட்டு நிமிர்த்தினாள். மகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்து தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டாள். பல்தடம் ஆற ஒரு வாரம் ஆயிற்று.

மேற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனோம். அந்த அம்மாள் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்து, மகளோடு வெகுநேரம் புளியங்கொட்டை உருட்டினார். அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மலையாளம் கலந்த தமிழில் என்னிடம் சொன்னார்.

"சாரே, 'என்னைப் பாரு'ன்னு மோள்கிட்ட ஒருநாளும் சொல்லப்படாது. கூட இருந்து களிக்கணும், விளையாடணும். களியில கண்ணு தன்னால வரும்."

"மருந்து ஒண்ணும் வேண்டாமா?"

"இதுதான் மருந்து. களிக்கிற நேரம் அவ சொல்லுகதுதான் சட்டம்."

பிறவியிலேயே இப்படியா, நாங்கள் ஆக்கியதா என்று கேட்டேன். அவர் குனிந்து, சிதறிக் கிடந்த புளியங்கொட்டைகளைப் பொறுக்கினார்.

தென்னோலையில் விளையாட்டு மூக்குக்கண்ணாடி செய்து நான் போட்டுக்கொண்டேன். சில நாள் கழித்து அவள் கிட்டே வந்து ஓலையைத் தொட்டாள். பார்வை ஓலையோடு நின்றது. என் மனைவிக்கு அதுவே போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஆணியில் தொங்கிய என் பிரம்பை அவள் எடுத்துவந்தாள். பிரம்பு நுனியால் தரையைக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

"ஏலே, வாத்தியாரு மூஞ்சியப் பாத்து முழிக்கியா? கீழ பாருலே."

வார்த்தை என்னுடையது, இழுப்பும் என்னுடையது. வகுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேன் என்று எனக்கே தெரியாது. மண்சுவருக்கு இந்தப் பக்கம் தவழ்ந்த காலத்திலிருந்து அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

கீழே பார்த்தேன். அவளுடைய கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. அடுக்களை வாசலிலிருந்து மனைவி மெதுவாகச் சொன்னாள். "தலைய நிமித்தாதீங்க. பிள்ள உங்க முகத்தத்தான் பாக்கா."

அன்றுமுதல் தினமும் அதே விளையாட்டு. தினமும் மனைவி வந்து சொல்வாள். இன்றைக்கு மூக்கைப் பார்த்தாள், இன்றைக்கு நெற்றி விபூதியைப் பார்த்தாள் என்று. பெற்ற மகள் என்னைப் பார்ப்பதை நான் இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பத்து நாளுக்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. நிமிர்ந்துவிட்டேன். ஒரு கணம் இரண்டு கண்களும் தெரிந்தன. இடது கண்ணின் வெள்ளையில் சின்ன மச்சம். ஆறு வருஷமாக அது எனக்குத் தெரியாது. கைநீட்டச் சொல்லும்போது என் வகுப்புப் பிள்ளைகள் கண்ணில் தெரியும் பயம் அந்தக் கண்ணிலும் இருந்தது. பிரம்பு கீழே விழுந்தது. அவள் நெல் கிடக்கும் பத்தாயத்துக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாள் சாப்பாடு அங்கேதான்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "ஆச விடல்லை, இல்லியா சாரே? சாரமில்ல, போகட்டும். முதல்ல இருந்து தொடங்குங்க" என்றார்.

மறுபடி ஓலைக் கண்ணாடி. ஆடி மாதச் சாரலெல்லாம் அதிலேயே போயிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை நேராகப் பார்க்கும்போது பழைய வார்த்தை தொண்டைவரை வரும். விழுங்கிக்கொள்வேன். வகுப்பில் சத்தம் கூடிப்போயிற்று என்று தலைமையாசிரியர் குறைபட்டார்.

ஒரு சாயங்காலம் அவள் மறுபடி பிரம்பை எடுத்துவந்தாள். உட்கார்ந்து கீழே பார்த்தேன். இந்தத் தடவை 'கீழ பாருலே' என்று அவள் சொல்லவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டுப் போனாள்.

"இன்னைக்குப் பாத்தாளா?" என்று வாசலில் நின்ற மனைவியிடம் கேட்டேன்.

"முகத்தப் பாக்கல்ல. உங்க கையப் பாத்துக்கிட்டே நின்னா."

"எந்தக் கைய?"

"பிரம்பு பிடிக்கிற கைய."

மறுநாள் உட்காரும்போது அந்தக் கையை மடிமேல் மல்லாத்தி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டேன். கால்விரல்கள் எதிரே வந்து நிற்கும்வரை காத்திருந்தேன்.