வாசலில் கழற்றிய ஷூ

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. பொய் சொல்வதாக இருந்தால், என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிற பொய்யாகவா சொல்வேன்?

பிர்னோ நகரில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் நான் எடிட்டர். எண்பது வருடமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த, ஹோர்னெக் என்ற எழுத்தாளரின் நாவல் எங்களுக்குக் கிடைத்தது. அந்தக் கதையில் ஜனங்கள் தினமும் காலையில் தங்கள் கனவை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். தான் விழித்திருக்கிறோமா, கனவில் இருக்கிறோமா என்று நாயகனுக்கே தெரியாது.

கடைசிப் பக்கம் மட்டும் இல்லை.

“முடிவே இல்லாம எவன் வாங்குவான், மிலாடா? எங்கயாவது தேடு,” என்றார் முதலாளி ராடோவன்.

நான் தேடவில்லை. நானே எழுதினேன். பழைய தாள், பழைய டைப்ரைட்டர். நாயகன் நிம்மதியாகத் தூங்கிப்போகிறான். பரணில் கிடைத்தது என்று கூசாமல் நீட்டினேன். ராடோவனைத் தவிர வேறு யாரும் அதைப் படிக்கவில்லை.

நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3.10. என் வீட்டு அழைப்பு மணி அடித்தது.

ஒல்லியான மனிதர். அன்று மழையே இல்லை... அவர் கோட்டில் தண்ணீர் சொட்டியது.

“புத்தக விஷயமா வந்தேம்மா.”

ஹோர்னெக்கின் சொந்தக்காரர் என்று நினைத்தேன். வாசலில் ஷூவைக் கழற்றினார். இடது ஷூவில் நாடாவுக்குப் பதில் சணல் கயிறு. எங்கள் ஊரில் விருந்தாளிகளுக்கென்று எல்லா வீட்டிலும் வைத்திருக்கும் துணிச் செருப்பைக் கொடுத்தேன். வழக்கம்போல் கதவுச் சங்கிலியை மாட்டினேன்.

காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

“சர்க்கரை போடட்டுமா?”



சரக்... சரக்... செருப்புச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

“நான் அவனைத் தூங்க விடலையேம்மா...”

திரும்பினேன்.

யாரும் இல்லை.

3.16.

சங்கிலி மாட்டியபடியே இருந்தது. துணிச் செருப்பைக் காணோம். ஈர ஷூ மட்டும் வாசலில்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புத்தகம் வந்தது. எல்லாரும் கடைசிப் பக்கத்தைத்தான் மெச்சினார்கள். வெளியீட்டு விழாவில் ஹோர்னெக்கின் மகள் யர்மிலா, எண்பத்தாறு வயதுக்காரர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பாவோட கடைசிப் பக்கத்தைக் கண்டுபிடிச்சுட்டியே, நீ நல்லா இருக்கணும் கண்ணு. அதை டைப் அடிச்சுட்டு இருக்கும்போதுதான் ஜெர்மன்காரங்க வந்தாங்க. ஷூ போடக்கூட விடல. வீட்டுச் செருப்போட இழுத்துட்டுப் போயிட்டாங்க. வருவாரு வருவாருன்னு அம்மா அந்த ஷூவை வாசல்லயே வச்சிருந்தாங்க. இடதுல சணல் கயிறு கட்டியிருக்கும்...”

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஷூ இன்னும் என் வாசலில்தான் இருக்கிறது. இரண்டு வருடம் ஆகிறது. ஈரம் காயவே இல்லை.