குப்பைக்கு வந்த ஆடிட்

குளியலறைக்குள் ஏதோ ‘தடால்’ என்று சரிந்தது. கூடத்தில் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த யாழினி நிமிர்ந்தாள். ஈஸ்வரமூர்த்தியின் நெஞ்சும் சேர்ந்தே சரிந்தது.

“பூனை, கண்ணு,” என்றார்.

நல்லூரில் அவர்கள் தெருச் சங்கம், குப்பையைக் குறைத்துக் காட்டும் வீட்டு கேட்டில் ‘குப்பையில்லா வீடு’ என்று பச்சைப் பலகை மாட்டுகிறது. பார்த்துவிட்டு வரச் சங்கம் அனுப்பும் கல்லூரிப் பெண்தான் யாழினி. எதிர்வீட்டுச் செங்கோட்டையன் போன மாதமே பலகை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து ஈஸ்வரமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதரின் வேதனையை யார் அறிவார்! பனியன் கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் சோதனை போட அனுப்பும் ஆடிட்டை இருபது வருடமாகச் சமாளிப்பதே அவர் வேலை. ஆடிட்டரின் கார் தெரு திரும்புமுன் கழிவு மூட்டைகள் பக்கத்து குடோனுக்குப் போயிருக்கும். ஓடாத ஃபேன் ஓடும். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு முளைக்கும். ஒன்றிலும் தோற்றதில்லை. அப்பேர்ப்பட்டவர் வாழைப்பழத் தோலிடமா தோற்பது?

மனைவி கலாமணி சத்தமில்லாமல் காய்த்தோலைக் கொல்லைத் தொட்டியில் மக்கவைத்து, பழைய பனியன் துணியால் அடுப்படியைத் துடைத்துவந்தாள். “இது போதுங்க,” என்றாள்.

“ஆடிட்டுக்குப் பத்தாது,” என்று இவர் மூங்கில் பிரஷ், எவர்சில்வர் டப்பா, மூன்று நிறக் கூடை என்று ஆன்லைனில் வாங்கித் தள்ளினார்.

இப்போது ஃபைலைப் பவ்யமாக நீட்டினார். தினமும் எத்தனை கிராம் குப்பை என்று தேதிவாரியாக, கையெழுத்தோடு.

யாழினியின் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. “ஏனுங் அங்கிள், இன்னிக்குத் தேதி பன்னெண்டு. நீங்க அடுத்த மாசம் முப்பது வரைக்கும் குப்பை போட்டு முடிச்சுட்டீங்களே?”

ஐயோ! ஒரே மூச்சில் எழுதிப் பழகிய கை நிற்கவில்லை.

“அது... பிளானிங், கண்ணு.”

“சரீங்க. கை கழுவிக்கறேன்.”

“அங்க வேண்டாம்! தண்ணி வர்ல!” மகளைக் காக்கும் தகப்பனைப்போல் குளியலறைக் கதவை மறித்து நின்றார்.

“நவுருங்க. அந்தப் புள்ள எத்தன நேரம் எச்சக்கையோட நிக்கும்?” கலாமணி கதவைத் திறந்தாள். அட்டைப்பெட்டிகளும் தெர்மாகோலும் பிளாஸ்டிக் உறைகளும் அவர் காலடியில் வந்து கொட்டின.

“இதென்னங்க ஆன்ட்டி?”

“குப்பையக் குறைக்க உங்க அங்கிள் வாங்குன சாமானோட குப்பை, கண்ணு.”

யாழினி சிரிப்பை விழுங்கியபடி, கொண்டுவந்த பச்சைப் பலகையைத் துணிப்பைக்குள்ளேயே தள்ளினாள். “அடுத்த தடவ சொல்லாம வர்றேனுங்க. ஆன்ட்டியோட தொட்டி மட்டும் இருந்தாப் போதும்.”

ஈஸ்வரமூர்த்தியின் கண்கள் குளமாயின. ஆனாலும் ஆடிட்டரை வெறுங்கையோடு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. வாசலுக்கு ஓடிப்போய் ஒரு எக்ஸ்போர்ட் டி-ஷர்ட்டை நீட்டினார், பளபளக்கும் பாலிதீன் கவரோடு.

யாழினி கவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “இதையும் பாத்ரூம்லயே வெச்சிருங்க அங்கிள்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

எதிர்வீட்டு கேட்டில் பச்சைப் பலகை வெயிலில் மின்னியது. அதைக் காணச் சகியாமல் ஈஸ்வரமூர்த்தி கதவைச் சாத்தினார்.