புள்ளி விழுந்த கொய்யாவும் எங்கள் ரெஜினா மேடமும்

ரெஜினா மேடம் இறந்துவிட்டார்.

சாயங்காலம் அவருடைய தம்பி போன் செய்தார்.

தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கரியாலூர் பக்கம் மலைமேல் இருக்கும் எங்கள் பழப் பண்ணையில் புதுக் கொய்யா ரகம் உருவாக்கியவர் அவர். நான் அவருக்குக் கீழே ஃபீல்டு அசிஸ்டென்ட். இப்போதும் அதே பண்ணையில்தான் இருக்கிறேன்.

சொந்த ஊர் நைனார்பாளையம். பிஎச்டி முடித்தவர். ஆனால் ஹெட் ஆபீஸ் மீட்டிங்கிலும் "இன்னா சார், பழத்த தின்னு பாக்காமயே பேசிக்கினு இருக்கீங்க?" என்றுதான் கேட்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு விசிலடிக்கத் தோன்றும்.

மலைக் கொய்யா உள்ளே நல்ல சிவப்பு, வாசனை தூக்கும். விதை மட்டும் கல். கீழே விளையும் வெள்ளைக் கொய்யாவில் விதை மெல்லிசு, ருசி சப்பை. இரண்டையும் கலந்து, சத்தும் கூடி, பல் பலமில்லாதவரும் தின்கிற ஒரு பழம் கொண்டுவர வேண்டும்... இதுதான் மேடத்தின் பிடிவாதம்.

"களி தின்னுட்டு ஒரு துண்டு கொய்யா தின்னா, களியில இருக்கற இரும்புச்சத்து ஒடம்புல ஒட்டும். அதுக்கு வைட்டமின் சி ஜாஸ்தி வேணும். தோலு அழக அப்பறம் பாத்துக்கலாம்" என்பார்.

அந்தத் தோல்தான் வம்பில் மாட்டிவிட்டது.

கலப்பில் வந்த மரங்களில் ஒன்று முதல்முறையாகக் காய்த்தது. தோல் முழுக்கக் கறுப்புப் புள்ளி. பார்க்க வந்த ஹெட் ஆபீஸ்காரர் "மார்க்கெட்ல நிக்காது, மரத்த எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார். மேடம் விடாமல் சண்டை போட்டு, பழத்தை லேபில் டெஸ்ட் செய்து ரிசல்ட் காட்டும்வரை தவணை வாங்கினார்.

குரங்கும் வவ்வாலும் தின்றது போக மிஞ்சியது ஒரே ஒரு பழம். வலை கட்டிக் காத்தோம். திங்கட்கிழமை அது லேபுக்குப் போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் மரத்தில் பழத்தைக் காணோம்.

பறித்தது எங்கள் சடையன் அண்ணன். மலைக்காரர், அந்த மரங்களைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்பவர். "புது மரத்தோட மொதப் பழம் சாமிக்குத்தானுங்களே மேடம்... கோயில்ல வெச்சிட்டு வந்துட்டேன். மரத்த வெட்டப்போறாங்கன்னு வேற பேசிக்கினாங்க. சாமி பாத்துக்கட்டுமேன்னு..."

மேடம் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "வண்டிய எடுப்பா. சாமி கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கும்" என்றார்.

மிச்சம் இல்லை. பழம் பிரசாதமாகி, துண்டு துண்டாகக் கைமாறித் தீர்ந்திருந்தது.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். தின்றவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரணை. இனிப்பு எப்படி, வாசனை எப்படி, விதை பல்லில் மாட்டியதா... ஒருவரிடம் "வெத்தல போட்டுக்கினு தின்னீங்களா? அப்ப உங்க பேச்சு கணக்குல வராது, எழுந்துருங்க" என்று அனுப்பியே விட்டார்.

கடைசியில் பூசாரி. "எனக்கு செட்டு பல்லும்மா. கொய்யா பக்கமே போறதில்ல. இத வெதயோட மென்னு முழுங்கிட்டேன்... ஒண்ணுமே தெரியல."

மேடம் எழுந்து நின்று கைதட்டினார். கோயிலில் எதற்குக் கைதட்டுகிறார் என்று தெரியாமலே கூட்டமும் தட்டியது.

மறுநாள் ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டார். "லேப் ரிசல்ட் இல்ல சார், கோயில் ரிசல்ட் இருக்குது. இன்னும் ஒரு சீசன் குடுங்க. மரத்துல கைய வெச்சீங்கன்னா நான் வேலய வுட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவேன்."

கொடுத்தார்கள். அடுத்த சீசன் பழம் லேபுக்குப் போனது. தாய் மரம், தகப்பன் மரம் இரண்டையும்விட வைட்டமின் சி அதிகம். விதையும் மெல்லிசுதான். பூசாரி சொன்னதை லேப் ஒத்துக்கொண்டது.

இன்று அந்த மரத்தின் பதியன் செடிகள் மலையில் எத்தனை தோட்டத்தில் நிற்கின்றன! சங்கராபுரம் மார்க்கெட்டில் "புள்ளிக் கொய்யா இருக்குதா?" என்று கேட்டு வாங்குகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காலர் தானாகத் தூக்கிக்கொள்ளும். எங்க மேடம் பழம்டா அது!

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பழம் கொண்டுபோயிருந்தேன். ஒரு துண்டு மென்று பார்த்துவிட்டு, "தோலு இன்னும் தடிப்பாத்தான் கீது. அடுத்த கலப்பு இன்னா ஆச்சு?" என்றார். நான் உடம்பைப் பற்றிக் கேட்டேன். அவர் மறுபடியும் கலப்பைப் பற்றியே கேட்டார்.

இன்று அந்த வேலையில்தான் இருந்தோம். மொட்டைப் பிரித்து, ஆண் பாகத்தைக் கிள்ளியெடுத்து, காகித உறை மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. சடையன் அண்ணன் ஏணியிலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மொட்டுக்கு உறை மாட்டினார்.

நாளைக் காலை நைனார்பாளையத்தில் அடக்கம். உறை போட்ட பூக்களுக்கும் நாளைக் காலையில்தான் மகரந்தம் வைக்க வேண்டும். விட்டால் இந்தக் கலப்பு போச்சு.

பூவை முடித்துவிட்டுத்தான் கிளம்புவோம் மேடம்... கை கழுவக்கூட நேரம் இருக்காது, அப்படியே வந்துவிடுகிறோம்.